மனத்தில் பிறந்த ஒட்டு: ஸ்பானிய மொழியில் துல்லியமும் உடன்பாடும்

ஒருவர் சொன்னதை மற்றொருவர் ஏற்கும்போது தமிழில் 'சரி' என்கிறோம். போட்ட கணக்கு பிசகாமல் வந்தாலும் 'சரி' என்றே சொல்கிறோம். 'சரியாகப் பத்து மணிக்கு வந்தார்' என்னுமிடத்தில் அச்சொல் அளவைக் குறிக்கிறது. 'சரி, வருகிறேன்' என்னுமிடத்தில் இசைவைக் குறிக்கிறது. அளவுக்கும் இசைவுக்கும் ஒரே சொல் எவ்வாறு போதுமானதாயிற்று என்று நாம் நின்று கேட்பதில்லை. பிறந்து வளர்ந்த வீட்டின் தூண்களை யார் எண்ணிப் பார்க்கிறார்கள்? அயல்வீட்டுக்குப் போய் அங்குள்ள தூண்களை எண்ணும்போதுதான் நம் வீட்டு நினைவு வருகிறது.

அத்தகைய அயல்வீடாக ஸ்பானிய மொழியைக் கொள்ளலாம். அம்மொழி பேசுவோர் இருவர் உரையாடுவதைச் சற்று நேரம் கேட்டால் சில சொற்கள் திரும்பத் திரும்பக் காதில் விழும். 'எக்சாக்தாமெந்தே', 'பிரெசிசாமெந்தே', 'எஃபெக்திவாமெந்தே', 'ஹுஸ்தோ', 'கிளாரோ', 'சியெர்தோ' ஆகியன அவை. இவற்றின் நேர்ப்பொருள் முறையே துல்லியமாக, வரையறுத்தாற்போல, நடப்பில் உள்ளபடி, நேர்மையாக, தெளிவாக, உறுதியாக என்பன. ஆயின் உரையாடலில் தனித்து வரும்போது இவை அத்தனையும் 'ஆம்' என்றே பொருள்படுகின்றன. துல்லியத்தைச் சொல்ல வந்த வினையடைகள் உடன்பாட்டைச் சொல்லும் பணியையும் ஏற்றுக்கொண்டுள்ளன. இது எப்படி நேர்ந்தது என்பதையும், இவ்விரு பணிகளும் வரலாற்றில் எப்போதெல்லாம் ஒன்றையொன்று விட்டு விலகின என்பதையும் இக்கட்டுரையில் பார்க்கலாம்.

மனம் ஒட்டாக மாறிய கதை

முதலில் 'மெந்தே' என்னும் ஒட்டைப் பார்ப்போம். இலத்தீனில் 'மென்ஸ்' என்றால் மனம். அதன் ஒரு வேற்றுமை வடிவம் 'மென்தே'; 'மனத்தால்', 'மனத்தோடு' என்று பொருள். 'தெளிந்த மனத்தோடு', 'பக்தி மனத்தோடு' என்பன போன்ற தொடர்களை இலத்தீன் எழுத்தாளர்கள் இயல்பாகக் கையாண்டனர். கி.மு. முதல் நூற்றாண்டின் கவிஞர் கடுல்லஸ், காதலி கைவிட்ட நிலையில் தன்னையே விளித்து, உறுதிகொண்ட மனத்தோடு தாங்கிக்கொள்ளுமாறு சொல்லும் கவிதையொன்று உண்டு. அங்கே 'மனம்' மனமாகவே இருக்கிறது, இன்னும் ஒட்டாகவில்லை.

காலப்போக்கில் பேச்சு இலத்தீன் வட்டாரந்தோறும் திரிந்து வெவ்வேறு மொழிகளானபோது, இந்த 'மனத்தோடு' தன் பொருளை மெல்ல இழந்து, பெயரடையை வினையடையாக்கும் வெறும் ஒட்டாகியது. பழைய காஸ்திலிய மொழியில் அது 'மியெந்த்ரே', 'மியெந்தே', 'மெந்தே' என்று பல வடிவங்களில் வழங்கியது. இறுதியில் 'மெந்தே' மட்டுமே நிலைத்தது. பொருள் தேய்வுக்கு ஒரு நல்ல சான்று ஸ்பானிய இலக்கியத்தின் தொடக்கத்திலேயே கிடைக்கிறது. 'சித் காவியம்' என்று நாம் அறியும் பாடலின் ஒரே கைப்படி மத்ரித் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அதன் முதல் ஏடு காணாமற்போய்விட்டது. எஞ்சியவற்றுள் முதலாவதான அடியிலேயே 'ஃபுவெர்தெமியெந்த்ரே' என்னும் வினையடை வருகிறது. நாடு கடத்தப்பட்ட வீரன், கைவிடப்பட்ட தன் வீட்டைப் பார்த்துப் பெருகக் கண்ணீர் விடுகிறான். அந்தப் பெருக்கைச் சொல்ல வந்த சொல் அது. அதைப் பிரித்துப் பார்த்தால் 'வலிய மனத்தோடு' என்றாகும். வலிய மனம் உடையவன் அழுவானோ! அழுகைக்கு அடையாக 'வலிய மனத்தோடு' என்னும் சொல் தடையின்றி வந்து அமர்கிறதென்றால், அதற்குள் இருந்த மனத்தை அக்காலத்தவர் மறந்துவிட்டனர் என்பதே பொருள்.

பேசுவோர் மறந்தாலும் இலக்கணம் மறக்கவில்லை. 'மென்ஸ்' இலத்தீனில் பெண்பாற் பெயர். ஆகவே இன்றும் 'மெந்தே' ஒட்டும்போது முன்னுள்ள பெயரடை பெண்பால் வடிவிலேயே நிற்க வேண்டும். ஆண்பாலில் 'கிளாரோ', பெண்பாலில் 'கிளாரா', வினையடையோ 'கிளாராமெந்தே'. இரண்டு வினையடைகள் அடுத்தடுத்து வந்தால் முதலாவதில் ஒட்டு வராது. 'கிளாரா இ பிரெசிசாமெந்தே' என்றால் 'தெளிவாகவும் துல்லியமாகவும்' என்பது பொருள். 'தெளிந்ததும் துல்லியமானதுமான மனத்தோடு' என்று ஒரே மனத்தை இரண்டு அடைகளுக்குப் பொதுவாக வைத்த பழைய தொடரின் தடம் இது. பிரெஞ்சும் இத்தாலியும் இவ்வழக்கத்தைக் கைவிட்டு, ஒவ்வொரு சொல்லிலும் ஒட்டைச் சேர்த்துக்கொள்கின்றன. உச்சரிப்பிலும் ஸ்பானிய 'மெந்தே' சொற்கள் இரண்டு அழுத்தங்களைப் பெறுகின்றன. ஒரு சொல்லுக்கு ஓர் அழுத்தம் என்னும் அம்மொழியின் பொது விதிக்கு இது விலக்கு. எழுத்தில் ஒரு சொல்லாக ஒட்டிக்கொண்டவை நாவில் இன்னும் இரண்டு சொற்களாகவே வாழ்கின்றன.

தமிழ் வாசகருக்கு இங்கே இன்னொரு செய்தியும் உண்டு. இலத்தீன் 'மென்ஸ்' என்பதும் வடமொழி 'மனஸ்' என்பதும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவை. வடமொழி வழியே நம்மிடம் வந்து தமிழாகிவிட்ட 'மனம்', அவ்வகையில் 'மெந்தே'யின் தூரத்து உறவு. நம் சங்கக் கூட்டங்களின் நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் 'தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது' என்று எழுதுகிறோமே, அந்த 'மனதாக' கிட்டத்தட்ட ஸ்பானிய வினையடையின் கட்டமைப்புத்தான். ஸ்பானியர் இவ்விடத்தில் 'உனானிமெமெந்தே' என்பர். 'ஓர் உள்ளம்' என்னும் பொருளுள்ள 'உனானிமே'யோடு, 'மனத்தோடு' என்னும் 'மெந்தே'யும் சேர்ந்துகொண்டது. ஒருமனதைக் குறிக்கும் சொல்லுக்குள்ளேயே இரண்டு மனங்கள்!

'ஆம்' இல்லாத மொழியின் பிள்ளைகள்

இலத்தீனில் 'ஆம்' என்பதற்கு நேரான தனிச்சொல் கிடையாது. 'வந்தாயா?' என்று கேட்டால் 'வந்தேன்' என்று வினையைத் திருப்பிச் சொல்வர். அல்லது 'அப்படியே', 'உறுதியாக' என்று ஒரு வினையடையால் விடையிறுப்பர். இது நமக்கு அந்நியமான வழக்கம் அன்று. தமிழிலும் 'சாப்பிட்டாயா?' என்ற கேள்விக்கு 'சாப்பிட்டேன்' என்பதே இயல்பான விடை. 'ஆம்' என்று நாம் சொல்வதுகூட 'ஆகும்' என்னும் வினைமுற்றின் சுருக்கமேயன்றி வேறில்லை. ஸ்பானியத்தின் உடன்பிறந்த மொழியாகிய போர்த்துக்கீசியத்தில் இன்றளவும் வினையைத் திருப்பிச் சொல்லி விடையிறுப்பது பெருவழக்கு.

'அப்படியே' என்று பொருள்தரும் இலத்தீன் 'ஸிக்' என்ற வினையடையிலிருந்து பிறந்ததே ஸ்பானிய 'ஸீ'. பழைய நூல்களில் அது தனித்து நிற்பதைவிட, 'அப்படிச் செய்கிறேன்', 'அப்படிச் செய்வேன்' என்று வினையோடு இணைந்து விடையாக வருவதைக் காணலாம். பின்னர் வினை உதிர்ந்து 'அப்படி' மட்டும் எஞ்சியது. அதே 'ஸிக்' என்ற வேர்ச்சொல் 'அஸீ' என்னும் இன்னொரு ஸ்பானியச் சொல்லிலும் வாழ்கிறது. அதற்கு இன்றும் 'இவ்வாறு' என்றே பொருள். ஆக, ஸ்பானியர் சொல்லும் மிகச் சிறிய 'ஆம்' கூட அடிப்படையில் ஒரு துல்லியச் சொல்தான்: நீ சொன்னது எவ்வாறோ, உண்மையும் அவ்வாறே. (தமிழ்க் காதுக்கு இது 'சீ' என்று விழுந்து, உடன்படுகிறாரா அருவருக்கிறாரா என்ற ஐயத்தை எழுப்பக்கூடும் என்பது வேறு கதை!)

'ஆம்' என்பதை எப்படிச் சொல்கிறார்கள் என்பதைக் கொண்டே மொழிகளை வகுத்தவர் இத்தாலியக் கவிஞர் தாந்தே. ஏறத்தாழ 1303-க்கும் 1305-க்கும் இடையே இலத்தீனில் எழுதிய 'மக்கள் மொழியின் சொல்வன்மை' குறித்த நூலில், தென்மேற்கு ஐரோப்பிய மக்களை 'ஓக்' என்போர், 'ஓய்ல்' என்போர், 'ஸி' என்போர் என மூன்றாகப் பிரிக்கிறார். தென் பிரான்சின் 'லாங்தொக்' என்ற நிலப்பகுதிப் பெயரே 'ஓக் மொழி' என்பதிலிருந்து வந்ததுதான். இதில் வேடிக்கை என்னவெனில், தாந்தே 'ஓக்' என்போராகக் குறிப்பிடுவது ஹிஸ்பானியரை! அவர் மனத்தில் இருந்தது தென் பிரான்சையும் அதை ஒட்டிய காத்தலோனியப் பகுதியையும் சேர்ந்த கவிதை மரபு என்று கொள்வதே பொருத்தம். காஸ்திலியர் அவர் காலத்திலேயே 'ஸீ' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தனர். மொழியை அளக்க அவர் எடுத்த கோல் உடன்பாட்டுச் சொல். அந்தக் கோலே காஸ்திலியரின் இடத்தில் துல்லியம் தவறியது.

அளந்தது, அறுத்தது, சலித்தது

இனி, துல்லியச் சொற்களின் வேர்களைப் பார்ப்போம். 'எக்சாக்தோ' என்பதன் இலத்தீன் மூலவினைக்கு வெளியே துரத்துதல், கேட்டு வாங்குதல், எடை போடுதல் என்று பல பொருள்கள். வரி தண்டுபவனுக்கு இலத்தீனில் 'எக்சாக்தோர்' என்று பெயர். ஒரு காசும் விடாமல் கறந்து எண்ணிவைப்பவனின் தொழிலிலிருந்து துல்லியம் என்னும் கருத்து கிளைத்திருக்கிறது. 'பிரெசிசோ' என்பது 'முன்னே வெட்டப்பட்டது'. வேண்டாத நீளத்தை நறுக்கியபின் எஞ்சுவது. ஸ்பானியத்தில் இச்சொல்லுக்குத் 'துல்லியமான' என்ற பொருளோடு 'தேவையான' என்ற பொருளும் உண்டு. 'சியெர்தோ' என்பதன் வேர் சலித்தல், பிரித்தெடுத்தல். முறத்தில் புடைத்து, பதர் போனபின் நிற்கும் மணியே உறுதி. 'எஃபெக்திவாமெந்தே' என்பது செய்து முடித்தல் என்னும் வினையிலிருந்து வந்தது. சொன்னது நடப்பிலும் அப்படியே இருக்கிறது என்று கண்டு சொல்லும் ஒப்புதல் அது. 'ஹுஸ்தோ' என்பதன் வேரோ சட்டம், நீதி. 'ஹுஸ்தோ அஓரா' என்றால் 'சரியாக இப்போது'. அதே சொல் நீதிமானுக்கும் அடைமொழி, உடம்போடு ஒட்டிப் பிடிக்கும் சட்டைக்கும் அடைமொழி.

நீதிக்கும் அளவுக்கும் ஒரே சொல்லா என்று வியப்பவர்கள் நம் 'நேர்' என்னும் சொல்லை நினைத்துக்கொள்ளலாம். நேர்கோடு, நேர்மை, நேராகப் பன்னிரண்டு மணி என்பனவற்றோடு, 'நேர்தல்' என்ற வினைக்குப் பழந்தமிழில் உடன்படுதல் என்ற பொருளும் இருந்தது. கோணாதது எதுவோ அதுவே அளவு, அதுவே அறம், அதற்கே இசைவு. இரு மொழிகளும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே முடிச்சைப் போட்டிருக்கின்றன.

இச்சொற்கள் ஒப்புதலாக வரும்போதும் தத்தம் வேரின் சாயலை முற்றும் விடுவதில்லை என்பது கருதத்தக்கது. 'கிளாரோ' என்பவர், 'இது வெளிச்சத்தில் கிடக்கிறதே, இதைச் சொல்லவும் வேண்டுமோ' என்கிறார். 'எக்சாக்தோ' என்பவர், 'நான் எண்ணியதும் நீ சொன்னதும் எடையில் சமம்' என்கிறார். 'எஃபெக்திவாமெந்தே' என்பவர், தாமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தவரைப்போல் சான்று பகர்கிறார். நம்மில் ஒருவர் 'ஆமாம்' என்பதற்கும் 'அதேதான்' என்பதற்கும் உள்ள இடைவெளி இது.

அதே வேளையில் துல்லியச் சொற்கள் கைமாறிக் கைமாறித் தேய்வதும் உண்டு. 'சியெர்தோ' பெயர்ச்சொல்லுக்கு முன் வந்தால் 'யாரோ ஒரு', 'ஏதோ ஒரு' என்றாகிவிடும். சலித்து எடுத்த உறுதி, பெயர் சொல்ல விரும்பாத மழுப்பலாகிவிடுகிறது. 'போர் சுபுவெஸ்தோ' என்றால் 'ஐயமென்ன, அப்படித்தான்' என்பது பொருள். ஆனால் 'சுபுவெஸ்தோ' என்ற அதே சொல்லைச் செய்தித்தாள்கள் 'கொலை செய்ததாகக் கூறப்படுபவர்' என்று எழுதப் பயன்படுத்துகின்றன. வீட்டுப் பேச்சில் ஐயமின்மை. நீதிமன்றச் செய்தியில் ஐயம். 'அடியில் வைக்கப்பட்டது' என்பதே இதன் வேர்ப்பொருள். அடியில் இருப்பதைக் கேள்வியின்றி ஏற்பவரும் உண்டு, தோண்டிப் பார்க்க வேண்டும் என்பவரும் உண்டு அல்லவா!

இடமும் இதயமும்

'லுவேகோ' என்ற சொல்லின் பயணம் இன்னும் சுவையானது. 'இடம்' என்னும் பொருளுள்ள இலத்தீன் 'லோகுஸ்' என்பதிலிருந்து, 'அந்த இடத்திலேயே', அதாவது 'உடனே' என்னும் பொருளில் அது பிறந்தது. செர்வாந்தெஸ் காலத்து நூல்களில் 'லுவேகோ' என்றால் உடனே என்று படிக்க வேண்டிய இடங்கள் மிகுதி. இன்றோ அதன் பொதுப்பொருள் 'பிறகு'. உடனே என்று சொல்லிவிட்டுப் பிறகு செய்த மனிதர்களே இச்சொல்லின் பொருளை மாற்றியிருக்க வேண்டும். மெக்சிகோவில் மட்டும் 'லுவேகோ லுவேகோ' என்று இரட்டித்தால் பழைய 'உடனே' மீண்டுவிடுகிறது. 'தெஸ்தே லுவேகோ' என்ற தொடர் 'இப்போதிருந்தே' என்னும் நேரடிப் பொருளை விட்டு, இன்று 'நிச்சயமாக' என்னும் ஒப்புதலாக நிற்கிறது.

உடன்பாட்டுக்கென்றே அமைந்த தொடர் 'தே அகுவெர்தோ'. 'அகுவெர்தோ' என்றால் ஒப்பந்தம். அதன் உள்ளே இருப்பது 'கோர்' என்னும் இலத்தீன் சொல், பொருள் இதயம். இதயத்தோடு இதயத்தைச் சேர்ப்பதே ஒப்பந்தம். ஆக, துல்லியத்துக்கு மனமும் உடன்பாட்டுக்கு இதயமும் என்று ஸ்பானிய மொழி தன் உள்ளுறுப்புகளைப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது.

அன்றாடப் பேச்சில் இந்தப் பெருஞ்சொற்களுக்குப் பதிலாக ஊருக்கொரு சிறுசொல் வழங்குகிறது. ஸ்பெயினில் 'பாலே', 'மதிப்புடையது, செல்லும்' என்று பொருள். அர்ஜென்டினாவில் 'தாலே', 'கொடு' என்னும் ஏவல். கொலம்பியாவில் 'லிஸ்தோ', 'தயார்'. மெக்சிகோவில் 'ஓராலே', 'இப்போது' என்பதன் சிதைவு. 'தோன் கிஹோத்தே' இரண்டாம் பாகம் (1615) 'வாலே' என்ற சொல்லோடு முடிகிறது. 'நலமாக இரு' என விடைபெறும் இலத்தீன் சொல் அது. அதன் வினைவேரும் இன்றைய 'பாலே'யின் வினைவேரும் ஒன்றே. செர்வாந்தெஸ் வாசகரிடம் விடைபெற்ற அதே ஒலிக்கு அருகில் நின்றுதான் இன்றைய மத்ரித் இளைஞர்கள் தேநீருக்கு வரச் சம்மதிக்கிறார்கள்.

ஏட்டில் துல்லியம், நாவில் இசைவு

சொற்களில் இணைந்து நின்ற துல்லியமும் உடன்பாடும், ஸ்பானியப் பேரரசின் வரலாற்றில் பலமுறை பிரிந்தன. அந்தோனியோ தே நெப்ரிஹா காஸ்திலிய மொழியின் இலக்கணத்தை அச்சிட்டது 1492-இல், கொலம்பஸ் கடலில் இருந்த அதே ஆண்டில். சொற்களைப் பத்து வகையாகப் பிரித்து, அவற்றுள் ஒன்றாக வினையடையை வைத்தார் அவர். மொழி எப்போதும் பேரரசின் துணையாகவே சென்றது என்ற அவரது முகவுரைக் கருத்து பெரிதும் பேசப்படுவது. அத்துணை எப்படிச் சென்றது என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும்.

முதலாவது, 1513-இல் சட்ட அறிஞர் பலாசியோஸ் ரூபியோஸ் வரைந்த 'ரெகெரிமியெந்தோ' என்னும் அறிவிக்கை. அமெரிக்கப் பழங்குடி மக்கள் திருச்சபையையும் அரசரையும் தலைமையாக ஏற்க வேண்டும், ஏற்காவிடில் போரும் அடிமைத்தனமும் வரும், அவற்றுக்கான பழியும் அவர்களையே சேரும் என்று அது சொல்லிற்று. போர் தொடுக்குமுன் படைத்தலைவர் இதை உரக்கப் படிக்க வேண்டும். படித்ததற்கு எழுத்தர் சான்று தர வேண்டும். சட்டப்படி எல்லாம் துல்லியம். ஆனால் கேட்பவருக்கு அம்மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. 'ஸீ' என்ற ஓரசையைக்கூட அறியாதவர்களிடம் உடன்பாடு கேட்கப்பட்டது. அவர்களின் மௌனம் மறுப்பாக எழுதிக்கொள்ளப்பட்டது. பழங்குடிகளுக்காக வாதாடிய துறவி பார்த்தொலோமே தே லாஸ் காசாஸ், இதைப் படித்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை என்ற கருத்தில் எழுதியிருக்கிறார்.

இரண்டாவது, இதன் தலைகீழ். அரசர் ஆணை கடல்கடந்து வந்து சேரும். ஆளுநர் அதை முத்தமிட்டுத் தலைமேல் வைத்துக்கொள்வார். பிறகு, 'பணிகிறேன், ஆனால் நிறைவேற்றவில்லை' என்ற வாய்பாட்டைச் சொல்வார். இது கலகம் அன்று. சட்டம் அனுமதித்த வழிமுறை. உள்ளூர் நிலைமை தெரியாமல் பிறந்த ஆணையை நிறுத்திவைத்து அரசருக்கு மீண்டும் எழுத இது இடம் தந்தது. பழங்குடிகளைக் காக்கும் நோக்கோடு 1542-இல் பிறப்பிக்கப்பட்ட 'புதிய சட்டங்கள்' இரு வேறு கைகளில் என்னவாயின என்று பாருங்கள். மெக்சிகோவுக்கு அவற்றைக் கொண்டுசென்ற தெல்யோ தே சந்தோவால், அங்கிருந்த அரசப் பிரதிநிதி மெந்தோசாவின் ஆலோசனைப்படி, குடியேறிகளின் எதிர்ப்பைக் கண்டு அவற்றுள் கடுமையானவற்றை நிறுத்திவைத்தார், கலகம் மூளவில்லை. பெருவில் அரசப் பிரதிநிதி பிளாஸ்கோ நூன்யெஸ் பேலா எழுத்துக்கு எழுத்து நிறைவேற்ற முயன்றார், குடியேறிகள் கிளர்ந்தெழுந்தனர், 1546-இல் போரில் அவர் கொல்லப்பட்டார். துல்லியமாக நடந்துகொண்டவர் தலையை இழந்தார். உடன்பட்டதுபோல் நடந்துகொண்டவர் பதவியைக் காத்துக்கொண்டார். நடுவில் இழந்தவர்கள், யாருக்காகச் சட்டம் எழுதப்பட்டதோ அந்தப் பழங்குடிகள்.

ஒரு சிறு கோட்டின் வழக்கு

எழுத்து வழக்கிலும் இவ்விரண்டின் போராட்டம் உண்டு. ஸ்பானிய மொழியில் 'ஆம்' என்பதற்கும் 'ஆயின்' என்பதற்கும் எழுத்தில் ஒரே வேறுபாடுதான். 'ஸீ' என்பதன் உயிரெழுத்தின்மேல் ஒரு சாய்கோடு இருக்கும். நிபந்தனைச் சொல்லாகிய 'ஸி'யில் இராது. உடன்பாட்டுக்கும் நிபந்தனைக்கும் இடையே ஒரு கீற்று மை!

இதுபோன்ற இன்னொரு கோடு நாட்டையே வாதிட வைத்தது. 'ஸோலோ' என்ற சொல் பெயரடையானால் 'தனியாக இருக்கும்', வினையடையானால் 'மட்டும்'. 'அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸோலோ வேலை செய்கிறார்' என்ற பொருளில் எழுதினால், ஞாயிறு மட்டும் செய்கிறாரா, ஞாயிறன்று தனியாகச் செய்கிறாரா என்ற ஐயம் வரும். வினையடையின்மேல் சாய்கோடு இட்டு இந்த ஐயத்தைத் தீர்ப்பது பலர் வழக்கம். 1713-இல் நிறுவப்பட்ட அரச ஸ்பானியக் கழகம், 1959-இன் விதிகளில் பொருள்மயக்கம் நேருமிடத்தில் கோடு இடலாம் என்றது. 2010-இல் வெளிவந்த எழுத்திலக்கண நூலிலோ, மயக்கம் நேரினும் கோடு தேவையில்லை என்று பரிந்துரைத்தது. சூழலே பொருளை விளக்கிவிடும் என்பது அதன் வாதம். எழுத்தாளர்கள் பலர் இணங்கவில்லை. கழக உறுப்பினர் சிலரே கோடு இட்டுத்தான் எழுதிக்கொண்டிருந்தனர். 2023 மார்ச்சில் கழகம் விதியின் வாசகத்தைத் திருத்தியது: பொருள்மயக்கம் இல்லாத இடத்தில் கோடு இடலாகாது, மயக்கம் நேரும் என்று எழுதுபவர் கருதினால் இட்டுக்கொள்ளலாம்.

கோட்டைவிடப் பெரிய செய்தி அந்தத் தீர்மானத்தில் இருக்கிறது. துல்லியம் எங்கே தேவை என்பதை முடிவுசெய்யும் உரிமை 'எழுதுபவரின் கருத்துக்கு' விடப்பட்டது. மேலிருந்து வரும் ஆணை மட்டும் போதாது, கையாள்பவரின் இசைவும் வேண்டும் என்று மொழிக்கழகமே ஒப்புக்கொண்ட நிகழ்வாக இதைக் கொள்கிறோம்.

வெட்டி எறிந்தவரும், ஓரசையில் கேட்கப்பட்டவர்களும்

'மெந்தே' ஒட்டின் நெடுங்கதையில் அதை வெறுத்த ஒருவருக்கும் இடமுண்டு. கொலம்பிய நாவலாசிரியர் காப்ரியேல் கார்சியா மார்க்கெஸ், 2002-இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில், 'மெந்தே'யில் முடியும் வினையடைகள் நடையை வறுமைப்படுத்தும் தீய பழக்கம் என்ற கருத்தைப் பதிவுசெய்கிறார். அச்சொல் எதிர்ப்படும்போதெல்லாம் அதைத் தவிர்த்து, வளமான வேறு வடிவம் தேடத் தம்மைப் பழக்கிக்கொண்டதாகச் சொல்கிறார். 'துல்லியமாக' என்று எழுதிவிட்டால் துல்லியம் வந்துவிடாது என்பதை உணர்ந்த எழுத்தாளரின் பிடிவாதம் இது. காட்சியைச் சரியாக எழுதியவனுக்கு 'சரியாக' என்ற சொல் தேவைப்படாது. தமிழில் எழுதும் நாமும் நம் 'ஆக'க்களை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

ஒரு நாட்டின் மக்களையே 'ஸீ' அல்லது 'நோ' என்று விடைகூறக் கேட்ட நாட்களும் ஸ்பானிய உலகில் உண்டு. சிலியில் 1988 அக்டோபர் 5 அன்று, வாக்குச்சீட்டில் பினோசெத் என்ற ஒற்றைப் பெயரும் அதன்கீழ் இவ்விரு சொற்களும் இருந்தன. ஏறத்தாழ 56 விழுக்காட்டினர் 'நோ' என்றனர். பதினைந்து ஆண்டு கடந்த இராணுவ ஆட்சி முடிவுக்கு வர வழி பிறந்தது. அங்கே கேள்வி எளியது. ஓரசை விடை அதற்குப் போதுமானதாக இருந்தது.

மார்க்கெஸ் மறைந்து இரண்டாண்டுக்குப்பின், அவருடைய நாட்டில் நிலைமை வேறு. அரைநூற்றாண்டு உள்நாட்டுப் போரை முடிக்க, அரசும் ஃபார்க் கிளர்ச்சிப் படையும் நான்காண்டு பேசி, 297 பக்கங்களில் ஓர் 'அகுவெர்தோ' எழுதின. நிலச்சீர்திருத்தம், ஆயுத ஒப்படைப்பு, அரசியல் பங்கேற்பு, பாதிக்கப்பட்டோருக்கு நீதி என ஒவ்வொன்றும் வரையறுத்து எழுதப்பட்டது. 2016 அக்டோபர் 2 அன்று, இந்த இறுதி ஒப்பந்தத்தை ஆதரிக்கிறீர்களா என்ற கேள்வி மக்கள்முன் வைக்கப்பட்டது. விடைக்கு இரண்டே சொற்கள். 'நோ' 50.2 விழுக்காடும் 'ஸீ' 49.8 விழுக்காடும் பெற்றன. வேறுபாடு ஏறத்தாழ 54 ஆயிரம் வாக்குகள். வாக்களிக்க வந்தவர்களே பத்தில் நான்கு பேருக்கும் குறைவு. சமாதானம் வேண்டும், ஆனால் குற்றவாளிகளுக்கான தண்டனைப் பகுதியில் உடன்பாடில்லை என்று எண்ணியவர்கள் இருந்தனர். ஒப்பந்தத்தில் குறை உண்டு, எனினும் போர் நிற்கட்டும் என்று எண்ணியவர்களும் இருந்தனர். அந்தச் சீட்டில் 'ஆயினும்' என்று எழுத இடமில்லை. பின்னர் எதிர்ப்பாளர்களின் கருத்துகளையும் கேட்டுத் திருத்திய ஒப்பந்தம் நவம்பர் 24 அன்று போகோத்தாவில் கையெழுத்தாகி, மக்களிடம் மீண்டும் செல்லாமல் நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றது.

ஸ்பானிய மொழி பல நூற்றாண்டுகளாகச் சேர்த்துவைத்த ஒப்புதல் சொற்களை எண்ணிப் பார்த்தால், இந்நிகழ்வின் பொருள் இன்னும் விளங்கும். 'வெளிச்சத்தில் தெரிகிறது, ஆம்'. 'எடையில் சமம், ஆம்'. 'சலித்துப் பார்த்தேன், ஆம்'. 'நடப்பில் கண்டேன், ஆம்'. 'இதயம் சேர்கிறது, ஆம்'. ஒவ்வொன்றும் எவ்வளவு உடன்படுகிறோம், எதனால் உடன்படுகிறோம் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. தெருவில் நின்று பேசும் இருவருக்கு அத்தனையும் கைவசம் இருக்கின்றன. வாக்குச்சாவடியில் நின்ற கொலம்பியருக்கு அவற்றில் மிகச் சிறியது மட்டுமே கிடைத்தது.

அந்தச் சிறிய சொல்லும் 'அப்படியே' என்னும் பொருளில் பிறந்தது என்பதை மறக்க வேண்டாம். 'எப்படி?' என்ற கேள்வி முதலில் தெளிவாகக் கேட்கப்பட்டு, கேட்பவருக்குப் புரிந்திருந்தால்தான் 'அப்படியே' என்ற விடைக்குப் பொருள் உண்டு. பழங்குடியின் முன் புரியாத மொழியில் அறிவிக்கை படித்த படைத்தலைவன் அந்தக் கேள்வியை மக்களின் மொழியில் கேட்கவே இல்லை. கொலம்பியாவில் கேள்வி மக்களின் மொழியில்தான் கேட்கப்பட்டது. 297 பக்கங்களையும் ஒரு நாட்டு மக்கள் ஒருசேரப் படித்து முடிக்கக் கிடைத்ததோ ஆறு வாரங்களுக்கும் குறைவு. நம் ஊர்க் கூட்டங்களிலும் தீர்மானம் படிக்கப்பட்டதும் 'சரி, சரி' என்று கைதட்டுகிறோம். எது சரி என்று ஒருமுறை நின்று கேட்டுவிட்டுத் தட்டினால், 'சரி' என்ற சொல்லின் இரண்டு பொருள்களும் ஓரிடத்தில் வந்து சேரும்.